வெள்ளாடு செய்த குற்றம் என்ன?



ஆலங்குளம் வட்டாரத்துக் கரிசல் காட்டில் வெள்ளாடும் செம்மறியும் சேர்ந்தே மேய்கின்றன. மழை பிடித்து, மருந்து உலர்த்த வெயிலின்றிப் பட்டாசு வேலை நின்றுபோகும் நாட்களில், வீட்டில் கட்டியிருக்கும் இரண்டு வெள்ளாடுகளே பல குடும்பங்களுக்குக் கைம்முதல். அத்தகைய வீட்டுப் பிள்ளை மறைக்கல்வி வகுப்பிலே, "பொதுத் தீர்வையில் வெள்ளாடுகளை இடப்பக்கம் நிறுத்துவது ஏன்? அவை என்ன பாவம் செய்தன?" என்று கேட்டால் நாம் என்ன விடை பகர்வோம்?

மத்தேயு நற்செய்தி நமக்குக் கிரேக்க மொழியிலே வந்தது. அதன் 25-ஆம் அதிகாரத்தில் இடப்பக்கம் நிற்பவற்றிற்கு வழங்கும் சொல் 'எரிபோஸ்'. வெள்ளாட்டுக் குட்டி என்பது அதன் பொருள். இழிவு எதுவும் அச்சொல்லில் இல்லை. ஊதாரி மகன் உவமையில், நண்பரோடு விருந்துண்ண ஒரு குட்டிகூடத் தந்ததில்லையே என்று மூத்தவன் முறையிடும்போது, லூக்கா எழுதியதும் இதே சொல்தான்.

இன்னும் பின்னோக்கிச் செல்வோம். கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா நகரில் மோயீசனின் நூல்கள் கிரேக்கத்தில் பெயர்க்கப்பட்டன. அங்கே யாத்திராகமம் 12-ஆம் அதிகாரம், பாஸ்காப் பலிக்குச் செம்மறிக் குட்டியையோ வெள்ளாட்டுக் குட்டியையோ எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. அவ்விடத்திலும் 'எரிபோஸ்' என்னும் சொல்லே நிற்கிறது. லேவியராகமம் 16-ஆம் அதிகாரத்திலோ, மக்களின் பாவம் சுமந்து பாலைவனத்திற்குப் போவது வெள்ளாட்டுக் கடா. நகர வாயிலுக்கு வெளியே பாடுபட்ட நம் ஆண்டவரை நினையாமல் அப்பகுதியை எவ்வாறு படிப்பது?

ஆகவே வெள்ளாடு சபிக்கப்பட்ட இனமன்று. உவமையில் ஆடுகள் வெறும் ஒப்புமை. தீர்ப்பின் அளவுகோலோ வேறு: பசித்தவனுக்கு உணவு, தாகித்தவனுக்குத் தண்ணீர், அந்நியனுக்கு இடம், ஆடையற்றவனுக்கு ஆடை, நோயாளியையும் சிறையில் இருப்பவனையும் சென்று காணுதல். "ஆண்டவரே, உம்மை எப்போது கண்டோம்?" என இரு பக்கத்தாரும் ஒருங்கே திகைப்பதைக் கவனியுங்கள். தாம் எப்பக்கத்தார் என்பது அதுவரை அவர்களுக்கே தெரியாது. ஆட்டின் இனம் பிறப்பிலே முடிவாகிறது; மனிதனின் இடமோ அவன் செயலிலே முடிவாகிறது.

நாமோ இதைத் தலைகீழாக்கிவிட்டோம். குடியிருக்கும் தெருவைப் பிறப்பால் பிரிக்கிறோம். பெண் கொடுப்பதும் எடுப்பதும் பிறப்பைப் பார்த்தே. சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்திலும் பிரிவினை நுழைந்தது. ஆண்டவர் செய்யாத பிரிவினையை அவர் பெயரைச் சொல்லும் நாம் செய்கிறோம்.

பெற்றோரே, பிள்ளை அக்கேள்வியைக் கேட்டால் அதட்டி அடக்காதீர்கள். "வெள்ளாடு ஒரு குற்றமும் செய்யவில்லை, கண்ணே, பசித்தவன் நம் வாசலில் நின்றபோது நாம் என்ன செய்தோம் என்பதே கேள்வி" என்று சொல்லுங்கள். அன்று மாலையே, மழையால் வேலையிழந்த பக்கத்து வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று பிள்ளையோடு சென்று பார்த்து வாருங்கள். அந்த வீடு எந்தத் தெருவில் இருந்தாலும் சரி.