பற்றாசு

ஏட்டைப் பயின்றவரே கற்றவர், கைத்தொழில் புரிபவர் கல்லாதவர் என்னும் எண்ணம் நம் நாட்டில் நெடுங்காலமாக வேரூன்றியுள்ளது. இவ்வெண்ணத்தால் அறிவும் கெட்டது, தொழிலும் கெட்டது. இது பிழையென்பதை ஒரு சிறு தொழிலைக் கொண்டே தெளியலாம். பழுதுற்ற மின் கிதாரைத் திறந்து, அறுந்த கம்பிகளை ஈயத்தால் மீண்டும் பற்றவைக்கும் தொழிலே அது.

வேலூர் மாநகரின் கீழ்பால் அமைந்தது சத்துவாச்சாரி. மேற்கே ஆம்பூரும் வாணியம்பாடியும், கிழக்கே இராணிப்பேட்டையும் தோற்றொழிலாற் பெயர்பெற்ற ஊர்கள். அங்கு உருவாகும் காலணிகள் கடல் கடந்து செல்கின்றன. அவற்றை அணிவோர் சிறப்பெய்துகின்றனர். தைத்தவர் யாவர் என எவரும் வினவுவதில்லை. தோலைத் தொட்டு உழைத்தோரைத் தாழ்ந்தோர் எனத் தள்ளிவைத்த கொடுமையும் இந்நாட்டில் நிகழ்ந்ததன்றோ?

சத்துவாச்சாரி மாணவன் ஒருவனிடம் பழைய மின் கிதார் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். அதன் ஒலி விட்டுவிட்டு வருகிறது. ‘கடையிற் கொடு, உனக்கேன் இவ்வேலை? நீ பாடத்தைப் படி’ என்பர் வீட்டார். ஆயினும் அக்கிதாரின் உள்ளே இருப்பதும் பாடமே. தந்திகளின் கீழே காந்தமும், அதனைச் சுற்றி மயிரினும் மெல்லிய செப்புக்கம்பி பல்லாயிரம் சுற்றும் உள்ளன. எஃகுத் தந்தி அதிருங்கால் காந்தப்புலம் மாறுகிறது. அம்மாற்றத்தாற் கம்பியில் மின்னோட்டம் பிறக்கிறது. அது ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் திருகின் வழியே வெளிச்சென்று ஒலிபெருக்கியை அடைகிறது.

இவ்வியல்பை 1831 ஆம் ஆண்டில் வெளிப்படுத்தியவர் மைக்கேல் பாரடே. அவர் ஒரு கருமானின் மகன். புத்தகம் கட்டும் கடையில் இளமையிலேயே தொழில் பழகியவர். கட்டுவதற்கு வந்த நூல்களைப் படித்து அறிவு பெற்றார். தம் கைகளாற் சோதனை செய்து உண்மை கண்டார். அவர் கை அவர் கல்விக்குத் தடையாயிற்றா, துணையாயிற்றா?

அவ்வியல்பின் பயன் நம் இசைக்கும் எய்தியது. 1969 இல் ஆந்திர நாட்டுப் பாலகொல்லில் தோன்றி 2014 இல் சென்னையில் மறைந்த உ. ஸ்ரீநிவாஸ், ஐந்து ஒற்றைத் தந்திகளையுடைய மின் மேண்டலினிற் கருநாடக இசையின் கமகங்களைப் பேசவைத்தார். கேட்டோர் வியந்தது விரலின் திறத்தை. அவ்விரலின் அசைவை அவைக்குக் கொண்டுசேர்த்தவை கம்பியும் ஈயப்பற்றுமே.

இனி, அம்மாணவன் செய்யவேண்டுவது யாது? முதலில் எந்தக் கம்பி எங்குச் செல்கிறது எனத் தாளில் வரைந்துகொள்ளல் வேண்டும். வரையாது பிரித்தவன் மீளக் கூட்டும் வழியறியாது மயங்குவான். பின்னர், பயனற்ற கம்பித் துண்டுகளிற் சில நாள் கைப்பழக்கம் பெறல் வேண்டும். மக்கள் சால்டரிங் அயன் என வழங்கும் கருவியால் இணைக்கவேண்டிய கம்பியையும் தகட்டையும் முதலிற் சூடாக்குக. அவை சூடேறியபின் ஈயக்கம்பியை அவற்றின்மேல் தொடுக. வெள்ளீயம் 63 பங்கும் காரீயம் 37 பங்கும் கலந்த ஈயக்கம்பி 183 பாகை செல்சியசில் உருகி, இணைப்பினுள் நீர்போற் பரவும். அது இறுகும்வரை கை அசைதல் ஆகாது.

பொறுமையற்றவன் ஈயத்தை மட்டும் உருக்கிக் குளிர்ந்த கம்பியின்மேற் சொட்டவிடுவான். அது இணைந்ததுபோலவே தோன்றும், உள்ளே பற்றியிராது. கிதார் அன்று பாடும், மறுநாள் ஊமையாகும். பொருளுணராது உருப்போட்ட பாடமும் இத்தகையதே. தேர்வுநாள் வரை ஒட்டியிருந்து பின் உதிர்ந்துபோம்.

இவ்வீயத்திற்குத் தமிழிற் பற்றாசு என்றொரு பழஞ்சொல் உண்டு. பொன்னைப் பொன்னோடு இணைக்கப் பொற்கொல்லர் இடும் பொருளை அது குறிக்கும். துணை, ஆதாரம் என்னும் பொருளும் அதற்கு உண்டு. பட்டறையிற் பிறந்த சொல்லைப் புலவரும் ஏற்றுப் போற்றினர். சொல்லை ஏற்ற நாம் அத்தொழிலை ஏற்க நாணுவது முறையாகுமா?

‘இது இடர் மிக்கது’ என்பர் சிலர். கிதாரின் உள்ளே வீட்டு மின்சாரம் பாய்வதில்லை. ஒலிபெருக்கியினின்று கழற்றிவிட்டால் தொடக்கநிலையார்க்கும் அஞ்சத்தக்கதன்று. ஆனால் ஒலிபெருக்கியைத் திறத்தல் கூடாது. மின்னிணைப்பை நீக்கிய பின்னும் உயிர்க்கேடு விளைக்கும் மின்னழுத்தம் அதனுள் தங்கியிருக்கக்கூடும். பற்றவைக்கும் கருவியின் வெம்மை 300 பாகைக்கு மேற்படும்; தெரிந்தவர் ஒருவர் அருகிருத்தல் நன்று. காரீயம் நஞ்சு, எனவே சாளரத்தைத் திறந்துவைத்துப் பணிசெய்து, முடிந்தபின் கைகழுவுதல் வேண்டும். சிந்திய ஈயத்தையும் கண்டவிடத்தில் எறிதல் தகாது. தோற்கழிவாற் பாலாறு கெட்டதையும், அதுகுறித்து 1996 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியதையும் அறிந்த ஊரார்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

‘எல்லாரும் இத்தொழிலாற் பிழைக்கப் போகின்றனரோ?’ என வினவலாம். பிழைப்பதற்காக அன்று, தொழிலின் அருமையை உணர்வதற்காகவே கற்கவேண்டும். ஓர் இணைப்பைச் செம்மையாகப் பற்றவைக்கப் பத்துமுறை தவறியவன், ஆம்பூர்த் தொழிலாளியின் ஒரே சீரான தையலை ஏளனமாய் நோக்கான். பழுதுற்றதை எறிந்து புதியது வாங்கும் பழக்கமும் அவனிடம் குறையும்.

ஆதலின் ஒவ்வொரு பள்ளியிலும் ஒவ்வொரு மாணவரும் கைத்தொழில் ஒன்றேனும் பயிலுதல் வேண்டும். மாணவர்களே! ஏடும் கருவியும் பகையல்ல. கருத்தையும் கையையும் இணைக்கும் பற்றாசு பயிற்சியே. அவ்விணைப்பு உறுதியாயின் நீங்கள் கற்றது ஒருநாளும் விட்டுப்போகாது.