குரங்கு போதாதா?

எல்லாவற்றையும் கருவிகளே பார்த்துக்கொள்ளும் என்றால், உள்ளே சும்மா உட்கார்ந்து போகிற மனிதனுக்கு எதற்கு வருடக்கணக்கில் பயிற்சி? அமெரிக்காவின் மெர்குரி திட்டம் நடந்த காலத்திலேயே இந்தக் கேள்வி உண்டு. கேட்டவர்கள் முட்டாள்கள் அல்ல. அந்தக் கலம் ஆளில்லாமலே போய்வரும்படி வடிவமைக்கப்பட்டதுதான். 1961 நவம்பரில் ஈனோஸ் என்ற சிம்பன்சி அதில் பூமியைச் சுற்றிவிட்டுப் பத்திரமாகத் திரும்பியது. குரங்கு செய்கிற வேலைக்கு விமானி எதற்கு என்று சோதனை விமானிகளே கிண்டலடித்தார்கள்!

ஆனால் ஈனோஸ் சுற்ற வேண்டியது மூன்று சுற்று. கலத்தைத் திருப்பும் ஒரு சின்ன உந்துகுழல் மக்கர் செய்ததால் இரண்டோடு இறக்கிவிட்டார்கள். உள்ளே மனிதன் இருந்திருந்தால் கையாலேயே சமாளித்திருப்பான். கிண்டலடித்தவர்கள் இதைச் சொல்வதில்லை.

அடுத்த ஆதாரம் கார்டன் கூப்பர். 1963 மே 15 அன்று ஃபெய்த் 7 கலத்தில் கிளம்பினார். 22 சுற்று, 34 மணி நேரத்துக்கும் மேல். வெகுநேரம் பெரிய பிரச்சினை இல்லை, நடுவில் தூங்கவும் செய்தார். 19ஆவது சுற்றில் ஆரம்பித்தது வினை. கலம் கீழே இறங்கத் தொடங்கிவிட்டதாக ஒரு விளக்கு பொய்யாக எரிந்தது. பிறகு ஷார்ட் சர்க்யூட்டில் தானியங்கிக் கட்டுப்பாடே போய்விட்டது. கரியமில வாயு வேறு ஏறிக்கொண்டிருந்தது.

கூப்பர் பதறவில்லை. ஜன்னலில் இருந்த கோட்டை அடிவானத்தோடு பொருத்திக் கலத்தின் கோணத்தைச் சரிசெய்தார். நேரம் பார்க்கக் கைக்கடிகாரம். ஜப்பானுக்குத் தெற்கே ஒரு கப்பலிலிருந்து ஜான் க்ளென் ரேடியோவில் எண்ணிச் சொல்ல, ராக்கெட்டுகளைக் கையாலேயே இயக்கினார். பாராசூட்டும் அப்படியே. மிட்வே தீவுக்கு அருகே, காத்திருந்த கப்பலிலிருந்து நாலே மைலில் விழுந்தார்!

இது அதிர்ஷ்டமா? கிளீவ்லாண்டில் ஓர் இயந்திரம் இருந்தது. மூன்று அச்சிலும் ஒரே நேரத்தில் நிமிடத்துக்கு 30 முறை வரை ஆளைச் சுழற்றும். கைப்பிடியை ஆட்டி அந்தச் சுழற்சியை நிறுத்தப் பழகியவர்கள் மெர்குரி வீரர்கள். மாதிரிக் கலத்திலும், வேண்டுமென்றே ஒவ்வொரு கருவியாகக் கெடுத்துவிட்டு என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பார்கள்.

பெருமை முழுவதையும் பயிற்சிக்கே கொடுத்துவிடவும் முடியாது. அதே பயிற்சி பெற்ற ஸ்காட் கார்பென்டர் 1962 மே மாதம் சுமார் 250 மைல் தள்ளி விழுந்தார். அவருக்கும் கருவிக் கோளாறு இருந்தது உண்மைதான். ஆனால் சோதனைகளிலும் வேடிக்கையிலும் எரிபொருளைக் கரைத்திருந்தார். கூப்பர் ஆரம்பத்திலிருந்தே சிக்கனம். கருவிகள் கைவிட்டபோது அவரிடம் எரிபொருள் மிச்சம் இருந்தது.