கேஸில் எழுதாத பக்கம்

பத்து வருடக் கார்ட் கிடைத்த அன்று அதைத்தான் விடுதலை என்று நினைத்தோம். லாச்சப்பலில் நண்பர்களுக்குக் கொத்துரொட்டி வாங்கிக் கொடுத்தோம், ஊருக்குத் தொலைபேசி எடுத்து அம்மாவுக்குச் சொன்னோம். கார்ட் இப்போதும் சட்டைப்பையில் இருக்கிறது. ஆனால் குசினி கழுவி முடித்து, கடைசி மெத்ரோவில் கண் எரிய உட்கார்ந்திருக்கும்போது, பயமும் அதே சட்டைக்குள் இருப்பது தெரிகிறது. இந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்பதை நாம் வெளிப்படையாகக் கதைத்தாக வேண்டும்.

நாம் எல்லோரும் ஒரு சுயசரிதை எழுதியவர்கள். ஒஃப்ராவுக்குக் கொடுத்த கேஸ்தான் அது. அங்கே நிராகரிக்கப்பட்டவர்கள் மொந்த்ரேயில் நீதிபதிகளின் முன் அதையே இன்னொருமுறை சொன்னோம். யார் பிடித்தது? யார் அடித்தது? எந்தத் திகதி? எத்தனை நாள் வைத்திருந்தார்கள்? ஆபத்திலிருந்து ஓடிவந்தவனிடம் கேட்கவேண்டிய கேள்விகள் இவை. 2009இல் முள்ளிவாய்க்காலில் சனங்களின் மேல் ஷெல் அடித்த அரசு இன்றுவரை பொறுப்புக் கூறவில்லை. எனவே அந்தக் கேஸில் உள்ள உண்மையில் ஓர் எழுத்தையும் அழிக்கும்படி நாம் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தாள்கள் நம்மிடம் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: நீ என்ன செய்தாய்? எதைப் பார்த்துக்கொண்டு நின்றாய்?

கேஸ் முடிந்த பிறகும் நாம் கேஸின் மொழியிலேயே வாழ்கிறோம். எல்லாம் நமக்குச் செய்யப்பட்டவை, நாம் செய்தது எதுவுமில்லை. “நாங்கள் என்ன செய்யிறது, நிலைமை அப்படி.” ஃபோபூர் சென்-தெனி வீதியில் எந்தத் தேத்தண்ணீர் மேசையிலும் இந்த வசனத்தைக் கேட்கலாம். நம்மைக் கட்டிவைத்திருக்கும் கயிறு இதுதான் என்கிறோம்.

1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண முஸ்லிம்களை ஜின்னா மைதானத்துக்கு அழைத்து, இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறும்படி புலிகள் கட்டளையிட்டார்கள். வடக்கு முழுவதிலும் சுமார் 75,000 பேர் இப்படித் துரத்தப்பட்டார்கள். நம்மில் பலர் அப்போது தாயின் இடுப்பில் இருந்த பிள்ளைகள். நாம் துரத்தவில்லை, உண்மை. ஆனால் வளர்ந்து, பல்கலைக்கழகத்துக்கு எடுபட்டு, சோனகத் தெருவின் கூரையில்லாத வீடுகளைக் கடந்து சைக்கிளில் போனோமே, இவை யாருடைய வீடுகள் என்று ஒருநாளாவது வீட்டில் கேட்டோமா? கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரிந்திருந்ததால்தான் கேட்கவில்லை. பிறகு நாமும் படிப்பை நடுவில் விட்டு ஓடிவந்தோம். இங்கே வந்து, வீடிழந்தவர்கள் உலகில் நாம் மட்டும்தான் என்பதுபோல் பேசுகிறோம்.

நாம் பாதியில் விட்ட அந்தப் பல்கலைக்கழகத்தின் உடற்கூற்றியல் துறைத் தலைவராக இருந்தவர் ராஜினி திராணகம. ஒருகாலத்தில் புலிகளை ஆதரித்து இயங்கியவர். தன் ஆதரவு எதற்குத் துணைபோகிறது என்பதைத் தானே கேட்டுப் பார்த்து, விலகினார். இங்கிலாந்தில் மேற்படிப்பு முடித்தவர், அங்கேயே தங்கியிருக்கலாம். சிறு பிள்ளைகளோடு ஊருக்குத் திரும்பினார். மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் அமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவரானார். மூன்று சகாக்களோடு சேர்ந்து எழுதிய ‘முறிந்த பனை’யில் அரசையும், இந்திய இராணுவத்தையும், இயக்கங்களையும் ஒரே கண்கொண்டு பார்த்தார். 1989 செப்டெம்பர் 21 அன்று பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரது குடும்பத்தினரும் சகாக்களும் புலிகளைக் குற்றஞ்சாட்டினர், புலிகள் மறுத்தனர். அப்போது அவருக்கு வயது 35. இன்று நமக்கும் ஏறக்குறைய அதே வயது.

எல்லோரும் ராஜினியாக வேண்டும் என்று கேட்க நமக்கு உரிமையில்லை. துப்பாக்கிக்கு முன்னால் பேசாமல் இருந்த ஏழைச் சனத்தை நாம் குற்றஞ்சாட்டவும் மாட்டோம். ஆனால் பாரிஸில் எந்தத் துப்பாக்கி நம் நெற்றியில் இருக்கிறது? இருந்த காலமும் உண்டு. 1994 மே 1 அன்று சபாலிங்கம் இங்கேதான் அவரது வீட்டில் வைத்துக் கொல்லப்பட்டார். “அவர் பேசாமல் இருந்திருக்கலாம்” என்று இன்றும் சொல்கிறவர்கள் உண்டு. காலம் மாறிவிட்டது, அந்த வசனம் மாறவில்லை.

விடுதலை உள்ளே இருக்கிறது, கண்ணை மூடு என்று போதிக்கிற குருமாருக்கும் நம்மிடையே குறைவில்லை. நாம் சொல்வது நேர்மாறானது. கண்ணைத் திறந்து முதலில் நம் குசினியைப் பார்ப்போம். கார்ட் இல்லாத ஒரு வங்காளப் பெடியன் கோப்பை கழுவுகிறான். முன்பு நாம் நின்ற அதே தொட்டி. அவனுடைய மணித்தியாலங்களை முதலாளி குறைத்து எழுதுவதைக் கண்டோம். வாய் திறக்கவில்லை. அவன் பிரெஞ்சு பேசுவதைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தோம். இதை எந்த இராணுவமும் செய்விக்கவில்லை, எந்த இயக்கமும் கட்டளையிடவில்லை. கலியாணப் பேச்சென்றால் “ஊரில எந்தப் பக்கம்?” என்று சாதியை விசாரிக்கிற வாயும் நம்முடையதுதான்.

மாற்றுக்கருத்துப் பேசும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. விமர்சனம் என்பது அடுத்தவனின் கறையை எண்ணுவதாகவே இருக்குமானால், அது ‘துரோகி’ என்ற பழைய சொல்லின் மறுபக்கம்தான். அன்பில்லாத விழிப்புணர்வு இன்னொரு தடியாகிவிடும். ராஜினி தன் சனத்தை வெறுத்ததால் எழுதவில்லை. வெறுத்திருந்தால் திரும்பிப் போயிருக்கவே மாட்டார். நேசிக்கிறவனுக்குத்தான் தன் வீட்டுக் குற்றம் நோகும். அந்த நோவைத் தாங்கிக்கொண்டு ‘இதில் என் பங்கு இவ்வளவு’ என்று சொல்ல முடிகிற நாளில் பயம் குறையும். மறைக்க ஒன்றுமில்லாதவனை எதைச் சொல்லி மிரட்டுவது?

ஆகவே பெரிய திட்டம் எதையும் நாம் முன்வைக்கவில்லை. கேஸில் எழுதாத அந்த ஒரு பக்கத்தை எழுதுவோம். யாரும் அதை மொழிபெயர்க்கப் போவதில்லை, அதற்குக் கார்ட்டும் கிடைக்காது. இன்றிரவு வேலை முடிந்ததும் அந்தப் பெடியனோடு உட்கார்ந்து, அவன் வேலைசெய்த மணித்தியாலங்களை ஒரு தாளில் சரியாக எழுதுவோம். நாளைக்கு அதை முதலாளியிடம் கொண்டுபோகும்போது நாமும் அவனோடு போவோம்.