கடற்படையிற் சேர விரும்புவோருக்கு: கையொப்பத்துக்கு முன் சில கேள்விகள்

கடற்படையிற் சேர்வது எப்படி என்று வாலிபர்கள் எம்மிடம் வந்து கேட்கின்றனர். அவர்களுக்குப் பின்னால் வாசலில் ஒதுங்கி நிற்கும் தந்தையரையும் நாம் காண்கிறோம். மகனுக்கு நிரந்தர வருமானம் வேண்டும். ஆனால், 1983 முதல் 2009 வரை நீடித்த போரை அக்கமக்காரர் எவரும் மறந்துவிடவில்லை. சேர் என்றோ சேராதே என்றோ கட்டளையிட நமக்கு உரிமை இல்லை. அறிந்தபின் முடிவு செய் என்று சொல்லும் கடமை நமக்கு உண்டு.

வழிகள் இரண்டு. உயர்தரத்தில் சித்தியெய்தியோர் பயிலுநர் அதிகாரிகளாக விண்ணப்பிக்கலாம்; அவர்களுக்கான பயிற்சிக் கழகம் திருகோணமலையிலேயே உள்ளது. ஏனையோர் மாலுமிகளாகச் சேரலாம். வயது, உயரம், கல்வித் தகைமை என்பன அவ்வப்போது வெளியாகும் அறிவித்தலிலேயே விதிக்கப்படும். பழைய அறிவித்தலை நம்பி விண்ணப்பிப்பது வீண். நேர்முகப் பரீட்சையும் வைத்திய பரிசோதனையும் உண்டு. நிறம் பிரித்தறியும் திறனும் சோதிக்கப்படும். கப்பலின் இடப்புற விளக்குச் சிவப்பு, வலப்புற விளக்குப் பச்சை என்று இரவில் அறியாதவன் கடலில் எல்லோர்க்கும் ஆபத்து. தரகரை நம்பிக் காணியை ஈடுவைக்க வேண்டாம். பணமும் போகும், காணியும் போகும்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். இது கச்சேரி உத்தியோகம் அன்று. 1950 ஆம் ஆண்டின் கடற்படைச் சட்டத்துக்குக் கட்டுப்படுபவன், மனம் மாறியதும் ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டு வீடு திரும்ப முடியாது. அனுமதியின்றி நீங்கினால் அது தண்டனைக்குரிய குற்றம். அரசியலமைப்பின் 15(8) ஆம் உறுப்புரை, 12(1), 13, 14 ஆகிய உறுப்புரைகள் தரும் உரிமைகளைப் படையினர் விடயத்தில் ஒழுங்கின் பொருட்டுச் சட்டத்தாற் கட்டுப்படுத்த இடமளிக்கிறது. பேச்சுச் சுதந்திரமும் அதில் அடங்கும்.

ஆயினும் அந்தப் பட்டியலில் 12(2) இல்லை என்பதை நமது சட்டத்தரணிகள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். இனம், மதம், மொழி முதலியவற்றின் பேரில் எந்தப் பிரசைக்கும் பாரபட்சம் காட்டலாகாது என்று கூறும் உறுப்புரை அதுவே. அது மீறப்படின் ஒரு மாதத்துள் உயர் நீதிமன்றை நாட வேண்டும். காலங்கடந்தால் நியாயம் இருந்தும் பயனில்லை.

1960 முதல் 1970 வரை இக்கடற்படைக்குத் தலைமை தாங்கியவர் ராஜன் கதிர்காமர். 2017 இல் சில மாதங்கள் அப்பதவியை வகித்தவர் திராவிஸ் சின்னையா. தமிழர் தளபதியாகவே இருந்தனரே, பின் என்ன குறை என்று சிலர் கேட்பர். உச்சியில் ஒருவர் வீற்றிருந்தார் என்பதால், கீழ்வாசல் எல்லோர்க்கும் திறந்திருந்தது என்று ஆகிவிடாது. வாசல் திறந்துள்ளதா என்பதைச் சாதாரண மாலுமியாகச் சேரவரும் ஏழைப் பிள்ளையின் அனுபவமே சொல்லும்.

எனவே நாம் கேட்பது சலுகை அன்று. தமிழும் ஆட்சிமொழி என 1987 இல் அரசியலமைப்பில் எழுதப்பட்டது. அப்படியாயின் அறிவித்தலும், பரீட்சையும், பிள்ளை கையொப்பமிடும் பத்திரமும் முழுமையாகத் தமிழில் இருத்தல் வேண்டும். விளங்காத மொழியிலுள்ள பத்திரத்தில் இடும் கையொப்பம் சம்மதம் ஆகாது.

வாலிபரே, அந்தப் பத்திரத்தைத் தமிழிற் கேளுங்கள். கிடைத்தால் வரிவரியாக வாசித்துத் தந்தைக்கும் விளக்குங்கள். கிடையாவிடின், பேனாவை மூடிவைத்துவிட்டு எம்மிடம் வாருங்கள்.