பிழை வரி நீள்கிறது

மலேசியாவின் பினாங்கில், சிம்பாங் அம்பாட்டிலிருந்து மோட்டாரில் புறப்பட்டால் சற்று நேரத்தில் பத்து காவான் தொழிற்பேட்டை வந்துவிடும். நம் முன்னோர் கரும்பு வெட்டிய மண்ணில் இன்று மின்னணு ஆலைகள் நிற்கின்றன. தீவுப் பக்கம், பாயான் லெப்பாஸில், இன்டெல் தன் முதல் வெளிநாட்டு ஆலையைத் தொடங்கியது 1972-இல். அங்கே செயலிகளைப் பொதிந்து, சோதித்து, உலகத்துக்கு அனுப்பும் கைகளில் தமிழர் கைகளும் உண்டு.

அந்தச் செயலிக்குள் நடப்பது என்ன? ஆலையில் வேலை செய்பவரும் தன் மேசைக்கு வரும் ஒரு கட்டத்தைத்தான் சொல்வார். அவர்மேல் குற்றமில்லை. 1978-இன் 8086 செயலியில் 29,000 டிரான்சிஸ்டர்கள். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் லினக்ஸ் இயங்குதளத்தை எழுதத் தொடங்கிய 386 வகைச் செயலியில் 275,000. பென்டியத்தில் 31 இலட்சம். இப்போதைய மடிக்கணினிகளில் பல நூறு கோடி. நிரலாளர்களுக்கான இன்டெல்லின் கையேடு மட்டுமே ஏறத்தாழ 5,000 பக்கம். முழுவதையும் ஒரே ஆள் தலையில் வைத்திருக்க முடியாது.

அதனால்தான் செயலியின் குறைகளைப் பலர் கூடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. 1994-இல் பகா எண்களை ஆராய்ந்துகொண்டிருந்த தாமஸ் நைஸ்லி என்ற கணிதப் பேராசிரியர், பென்டியம் சில வகுத்தல்களில் தவறுவதைக் கண்டார். தெரிந்தவர்களுக்கு எழுதினார். அவர்கள் தங்கள் கணினிகளில் போட்டுப் பார்த்து மற்றவர்களுக்குச் சொன்னார்கள். ஆண்டு முடிவதற்குள் பழுதான செயலிகளை மாற்றித் தர இன்டெல் இணங்கியது, செலவுக்கு 47.5 கோடி டாலர் ஒதுக்கியது. லினக்ஸ் அந்தப் பிழை இருக்கிறதா என்று சோதித்து, செயலி விவரம் காட்டும் சிபியுஇன்ஃபோ கோப்பில் ஒரு வரியாகவே எழுதி வைத்தது.

2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற செயலிக் குறைகள் வெளிவந்தன. வேகத்துக்காகச் செயலி அடுத்த வேலையை ஊகித்து முன்கூட்டியே செய்கிறது. ஊகம் தவறினால் முடிவைத் தள்ளிவிடுகிறது. ஆனால் இடைநினைவகத்தில் தடம் தங்கிவிடுகிறது. நினைவகத்தின் ஓரிடத்தைப் படிக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்தே இன்னொரு நிரல் இரகசியத்தை ஊகித்துவிடலாம். இன்று அதே சிபியுஇன்ஃபோ கோப்பைத் திறந்தால், பிழைகளுக்கென்றே ஒரு வரி. ஆண்டுக்கு ஆண்டு அது நீள்கிறது. எந்த விற்பனைத் தாளிலும் இந்த வரி இல்லை. லினக்ஸ் பயனர் எவரும் காசு கொடுக்காமல் படிக்கலாம். தமிழ் மட்டும் படிப்பவருக்கு அதை விளக்கிச் சொல்லத்தான் ஆளில்லை.

தமிழில் முடியாத காரியமல்ல இது. கணினியில் தமிழ் எழுத வழிசெய்த முரசு அஞ்சலின் முத்து நெடுமாறன் நம் நாட்டவர். தமிழ்நாட்டில் கணியம் இதழ் 2012 முதல் கட்டற்ற மென்பொருளைத் தமிழிலேயே சொல்லித் தருகிறது. சில்லு பொதியும் ஊரில் இருந்துகொண்டு நாம் சும்மா இருப்பது எங்களை உறுத்துகிறது.

செயலியையும் லினக்ஸையும் தமிழில் விளக்க எங்கள் அடுத்த இதழிலிருந்து இரண்டு பக்கம். என்ன மடிக்கணினி, எந்தச் செயலி, எந்த லினக்ஸ், என்ன கட்டளை கொடுத்தீர்கள், திரையில் என்ன வந்தது என்று எழுதி அனுப்புங்கள். சரியாகாமல் போனதையும் மறைக்காமல் எழுதுங்கள். அதே மாடலை வாங்கப்போகும் மாணவர் ஒருவருக்கு அதுதான் முதலில் தேவைப்படும். கையெழுத்தில் வந்தாலும் தட்டச்சு செய்துகொள்கிறோம்.