ஐ7 என்ற பெயருக்கு மயங்காதீர்கள்



மிளகு விற்ற காசில் பேரனுக்கு முதல் கம்ப்யூட்டர் வாங்கிக்கொண்டு, எழுபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்தார் என் உறவினர். "வாத்தியாரே, ஐ7!" என்றார் பெருமையாக. பார்த்தால் ஐ7-2600. 2011-இல் வந்த பிராசசர்! விண்டோஸ் 11-க்கு இன்டெலில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும்; இது இரண்டு. விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது.

ஐ3, ஐ5, ஐ7 எல்லாம் ஒரே வகுப்புக்குள் போடும் ரேங்க். எந்த வகுப்பு என்பதை அடுத்துள்ள எண்தான் சொல்லும். ஐ3-12100 என்றால் பன்னிரண்டாம் வகுப்பு. பன்னிரண்டில் சுமாராகப் படிப்பவன், இரண்டாம் வகுப்பில் முதல் ரேங்க் வாங்கியவனிடம் தோற்பானா?

எண்ணின் கடைசியில் 'எஃப்' இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. தனி கார்டு போடாமல் திரையில் படமே வராது. பாடத்துக்கும் சாதாரண கேமுக்கும், கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கும் ரைசன் 5 5600ஜி மாதிரி ஒன்று போதும். பிள்ளை விளையாடட்டும், தப்பில்லை.

விவரம் தெரியாதவர் என்று தெரிந்தே பழையதைத் தலையில் கட்டுவது வியாபாரமா? நாமக்கல்லிலும் சேலத்திலும் இருக்கும் என் மாணவர்களே, மலையிலிருந்து யாராவது கம்ப்யூட்டர் வாங்க வந்தால் கடைக்குக் கூடப் போங்கள். இது வாத்தியார் தரும் வீட்டுப்பாடம்.