ஊர் மாறினால் சைக்கிளை விடலாமா?

"முழங்கால் வலி தாங்கல டாக்டர்" என்று வந்தார், திருமயம் பக்கத்து அம்மா ஒருவர். மகனோடு சென்னைக்குக் குடிபோய் இரண்டு வருஷம் ஆகிறதாம்.

"சைக்கிள் ஓட்டுறீங்களா?"

"அதை ஊர்லயே குடுத்துட்டேன். 'மெட்ராஸ்ல, இந்த வயசுல சைக்கிளா'ன்னு பையன் சிரிக்கிறான்!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. 1990-களின் தொடக்கத்தில், கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுத் தந்தது. புதுக்கோட்டை மாவட்டத்தில் லட்சம் பெண்களுக்கு மேல் பழகினார்கள். ஊர்க் கேலியை மீறி ஓட்டியவர்களில் இவரும் ஒருவர். அன்று அஞ்சாதவர், இன்று மகனின் சிரிப்புக்கு அஞ்சலாமா?

உளுந்துத் தைலம் கொடுத்தேன். ஆனால், அசையாத மூட்டுக்குத் தைலம் மட்டும் போதாது. வாரம் 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சைக்கிளில் உடம்பின் பாரத்தை சீட் தாங்குவதால் முழங்காலுக்குச் சுமை குறைவு.

மெயின் ரோடு வேண்டாம். வலி தணிந்ததும், விடிந்த வேளையில், வீட்டுத் தெருவில் பத்து நிமிடத்தில் தொடங்குங்கள். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் லேசாக மடங்கும்படி சீட் உயரம் இருக்கட்டும். மூட்டில் வீக்கமிருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

பிள்ளைகளே! அம்மாவை நகரத்துக்கு அழைத்துப்போகும்போது, மிக்ஸி, கிரைண்டரோடு அவர் சைக்கிளையும் லாரியில் ஏற்றுங்கள்.